ஈயம் போன அண்டா

கோயில் அண்டாவைத் துலக்கியது நான்தான். மறுநாள் மாரியம்மன் தேர். பானகம் கொடுப்பது அந்த வருஷம் தோட்டத்து வரிசை வீடுகளில் எங்கள் லயத்தின் முறை. படித்த மருமகளுக்கு வேலை தெரியாது என்ற பேச்சு வரக்கூடாதென்று, பித்தளையின் உள்புறத்தையும் புளி போட்டுத் தேய்த்தேன். மங்கிக் கிடந்த ஈயப்பூச்சு போய்ப் பொன்னாக மின்னியது. "மூஞ்சி பாக்கலாம் போலருக்கே!" என்று மாமியார்கூடச் சிரித்தார்.

விடியற்காலையில் எலுமிச்சம்பழம் பிழிந்து வெல்லம் கரைத்தோம். தேருக்குத் தப்பு மேளம் அடிப்பவர்களின் குடும்பங்களுக்கு உடனேயே மண்பானையில் தனியாக ஊற்றி வைத்தார்கள். கோயில் பாத்திரத்திலிருந்து அவர்களுக்குக் கொடுக்கும் வழக்கமில்லை. மற்றதெல்லாம் உச்சிப்பொழுது வரை அண்டாவிலேயே இருந்தது.

தேர் வந்ததும் பிள்ளைகளுக்கு முதலில் ஊற்றினோம். அரைமணி நேரம்கூட ஆகவில்லை, என் மூன்று வயது மகன் என் தோளிலேயே வாந்தியெடுத்தான். அடுத்த வாசலில் இன்னொரு பிள்ளை. பிறகு லயம் முழுக்க அழுகை.

தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயா பையோடு ஓடி வந்தார். "ஏம்மா, நீ படிச்ச புள்ள. யாரு என்ன சாப்பிட்டாங்க, எதுல குடிச்சாங்கன்னு கேட்டு எழுது. காரணம் தெரிஞ்சாத்தான் வைத்தியம்."

மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல் வாசலாக எழுதினேன். அண்டாப் பானகம் குடித்த பிள்ளைகள் எல்லாருக்கும் வாந்தி. மண்பானையில் குடித்த தப்புக்காரர்களின் பிள்ளைகள் மட்டும் ஓடி விளையாடிக்கொண்டிருந்தார்கள். அதே வெல்லம், அதே தண்ணீர்.

"இவனுக புள்ளைக்கு மட்டும் ஒண்ணும் ஆகலியே? என்னத்தையோ போட்டுட்டானுக!" நாலைந்து பேர் மூத்த தப்புக்காரரின் துண்டைப் பிடித்து இழுத்தார்கள்.

என் பென்சில் நின்றது. ஈயமில்லாத பித்தளையில் புளிப்பு நிற்கக் கூடாது, களிம்பேறி நஞ்சாகிவிடும். இது எனக்குத் தெரியாததா? வெல்லத்திலேயே கோளாறு இருந்தால்? வெல்லமென்றால் அவர்களுக்கும் வந்திருக்குமே. நான் வாய் திறந்தால் இந்த லயத்தில் எப்படி இருப்பேன்?

மாமியார் என் கையைக் கிள்ளினார். "பேசாம இருடி. புள்ளையக் கவனி."

அங்கே முதல் அடி விழுந்தது.

"ஐயா, அண்டாவ பாருங்க! உள்ள ஈயம் இல்ல. நாந்தான் தேய்ச்சேன்!"

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. ஐயா உள்ளே விரலால் தடவிப் பார்த்தார். "கவுத்துங்கப்பா இத! அந்த மனுசன விடுங்க."

பானகம் வாசலோரக் கானில் சாக்கடைத் தண்ணீரோடு ஓடியது. ஒருத்தரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

தப்புக்காரர் உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு என்னருகே வந்தார். "புள்ளைக்கு இப்ப எப்படி இருக்குங்கம்மா?"

மகன் என் கழுத்தில் சூடாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தான். அவனை மெல்லத் திருப்பி, அவன் முகத்தை அவருக்குக் காட்டினேன்.