வளையம் விழுந்த படிகம்

சாலை பஜாரில் ஒரு துணிக்கடையில் பில்லுக்காக நின்றிருந்தபோது கரண்டு போனது. மேசைக்கடியில் யுபிஎஸ் பீப், பீப் என்றது. பில் போடுகிறவர் நிமிரக்கூட இல்லை. நான் மட்டும் ஏதோ கீழே விழப்போகிறதுபோல் பதறி, இல்லாத ஒரு திரையைத் தேடினேன். இத்தனை வருடம் கழித்தும் அந்தச் சத்தம் கேட்டால் நான் ஆய்வுக்கூடத்தில்தான் நிற்கிறேன்.

அப்போது நானும் என் தோழியும் காந்தப் படிகம் வளர்த்துக்கொண்டிருந்தோம். வளர்த்தவள் அவள். கணக்குப் பக்கத்திலிருந்து வந்த நான் வெறும் காவல். உலைக்குள் மேலே ஒரு கறுப்புத் தண்டு, கீழே ஒரு கறுப்புத் தண்டு, இரண்டுக்கும் நடுவே விளக்கொளியில் உருகி நிற்கும் ஒரு துளி. மேல்தண்டு துளிக்குள் கரையும். துளியின் அடியில் படிகம் இறுகும், நிழல் நகர்வதைவிட மெதுவாக. பகல் முழுவதும் அந்தத் துளியைத் திரையில் பார்த்துக்கொண்டிருப்போம். பார்க்கப் பார்க்க அது மூச்சு விடுவதுபோல் இருக்கும். நான் எங்கோ போய்விடுவேன். கை மட்டும் விளக்கின் சூட்டை ஏற்றிக்கொண்டே போக, "மதி, மதி" என்று அவள் தடுப்பாள். ஆரியசாலையில் பிறந்தவள், போதும் என்பதற்கு அவள் வாயில் எப்போதும் மலையாளம்தான்.

எதற்கு இவ்வளவு பெரிய படிகம் என்று ஒருநாள் கேட்டேன்.

"கிழக்கேக்கோட்டை பஸ்ஸுல நிக்கோம்லா? முன்னால ஒருத்தன் சாஞ்சா அடுத்தவனும் சாய்வான், அவனுக்குப் பின்னால உள்ளவனும். ஆளு நின்ன எடத்துலதான். சாய்வு மட்டும் கடைசி சீட்டு வரைக்கும் போகும். இதுக்குள்ள ஒவ்வொரு அணுவும் ஒரு குட்டிக் காந்தம். அதுக சாயுற அலைதான் நமக்கு வேணும்."

"அந்த அலையப் பாக்க நியூட்ரான் எதுக்கு?"

"அது டிக்கெட் எடுக்காத ஆளு. உள்ள நுழைஞ்சு, இடிச்சு, கொஞ்சம் வேகம் கொறஞ்சு வெளிய வரும். எவ்வளவு கொறஞ்சுன்னு பாத்தா அலை தெரியும். பஸ்ஸு சின்னதுன்னா யாரையும் இடிக்காமலே போயிரும். சரியான சோம்பேறி, ஒன்ன மாதிரி."

ஐப்பசி, துலாமழைக் காலம். மத்தியானம் வரை கண் கூசும் வெயில். பிறகு கல்லாற்று மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்து இடிக்கும். அப்படியொரு இடியில் கரண்டு போனது. யுபிஎஸ் கத்தியது. விளக்குகள் ஒரு மூச்சு மங்கி மீண்டன. துளி சுருங்கி, நடுங்கி, விழாமல் நின்றுவிட்டது. ஆனால் படிகத்தின் இடுப்பில் மெல்லிய வளையம் விழுந்திருந்தது.

வளையத்துக்கு மேலும் கீழும் ஒரே படிகமா, ஒட்டிக்கொண்ட இரண்டா? இரண்டென்றால் இரண்டின் அலைகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பும். அவளுடைய ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் எழுதாமலே கிடக்கும். எக்ஸ்ரே ஒன்று என்றது. ஆனால் அதற்குத் தெரிவது தோல்தான். வளையத்தில் வெட்டி, பெரிய பாதியைக் கொண்டுபோங்கள் என்றார் எங்கள் பேராசிரியர்.

"வெட்டாண்டாம்," என்றாள் என்னிடம். "பாதியில ஒண்ணும் தெரியாது."

"ரெண்டா இருந்தா?"

"ரெண்டுதான் வளத்தேன்னு தெரிஞ்சுக்கிடுதேன். நீ பேடிக்காத." பயம் எனக்குத்தான் இருந்தது.

நியூட்ரான் தரும் அணு உலை கடல் தாண்டி இருந்தது. எனக்கு விசா வந்தது, அவளுக்கு வரவில்லை. அலுமினியத் தாளில் பொதிந்து படிகத்தை என் கையில் வைத்தாள். அதில் கோபால்ட் உண்டு. நியூட்ரான் பட்டதும் அது கதிர்வீசத் தொடங்கும்; அங்கேயே ஈயப் பெட்டியில் தங்கிவிடும். திரும்பி வராதென்று இருவருக்கும் தெரியும்.

அங்கே நியூட்ரான் கற்றையில் வைத்துப் படிகத்தை மெல்லத் திருப்பினார்கள். திரையில் புள்ளிகள் ஏறத் தொடங்கின. ஒரு குன்று எழுந்தால் ஒன்று. இரண்டு எழுந்தால் இரண்டு. போனில் அவள், அவளுக்குப் பின்னால் சாலை பஜாரின் ஆட்டோ ஹாரன்களும் மழையும். புள்ளிகள் ஏறின, உச்சி தொட்டன, இறங்கின. இன்னொரு குன்றுக்காகக் காத்திருந்தேன். தரை தரையாகவே நீண்டது.

"ஒண்ணுதான்," என்றேன்.

யாரோ அவளை வழி விடச் சொல்வது கேட்டது.

"நடுரோட்டுல நிக்கேன், கேட்டியா," என்றாள்.

அடுத்தடுத்த நாட்களில் அலை திரையில் கூடி வந்தது, மழைக்குள்ளிருந்து கரை தெரிவதுபோல, வெளிறிய ஒரு வளைவாக. எனக்கு அதில் நெரிசலான பஸ்தான் தெரிந்தது. எல்லோரும் நின்ற இடத்திலேயே சாய்ந்துகொண்டிருந்தார்கள்.

கடைசி நாள், நீண்ட இடுக்கியால் படிகத்தை வெளியே எடுத்தார்கள். ஈயப் பெட்டி திறந்திருந்தது. தள்ளி நின்று, அவளுக்குத் தெரியும்படி போனை உயர்த்திப் பிடித்தேன்.

"அந்த வளையம் தெரியுற மாதிரி திருப்பச் சொல்லு."

திருப்பினார்கள். சுண்டுவிரல் அளவு, கறுப்பு, இடுப்பில் அந்தக் கோடு. அவள் முகம் போன் திரைக்கு மிக அருகில் வந்தது.

"மதி ஏட்டி," என்றாள். "மூடச் சொல்லு."