உப்புச் சாலையில் ஜூரா வரை: ஒரு பழைய வேன், இரண்டு சைக்கிள்கள்

சாலையெங்கும் உப்புக் கொட்டிக் கிடக்கும் பெப்ரவரியில், பழைய கேம்பர் வேனின் முதுகில் இரண்டு சைக்கிள்களைக் கட்டிக்கொண்டு யாராவது மலைக்குப் போவார்களா? நாங்கள் போனோம். ஏன் என்று கேட்டால் என்னிடம் சரியான பதில் இல்லை. பனி பார்க்க ரயிலில் போகலாம். ஓய்வெடுக்க வீடு இருக்கிறது. இந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிடுகிறேன்.

ஏன் பெப்ரவரி என்பதற்கு மட்டும் பதில் உண்டு. என் கணவர் ரகு, பாரிஸில் ரூ லூயி-பிளாங் தெருவில் ஓர் உணவகத்தில் சமைக்கிறார். அந்த உணவகம் பூட்டியிருப்பது பெப்ரவரியில் ஒரு வாரம். அது முடிந்த மறுநாள், திங்கட்கிழமை, எங்கள் வேனுக்கு ‘கொந்த்ரோல் தெக்னிக்’ இருந்தது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் கட்டாயப் பரிசோதனை அது. வேனைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின் முன்பக்க இடதில் துரு தொடங்கியிருக்கிறது, உப்பில் ஓட்டாதீர்கள் என்று இலையுதிர் காலத்திலேயே மெக்கானிக் எச்சரித்திருந்தார். துரு சட்டத்தைத் துளைத்துவிட்டால் வேன் தேறாது. தேறாவிட்டால் விற்றுவிடுவோம் என்று ரகு முடிவாகச் சொல்லியிருந்தார்.

எனக்கு விற்க மனமில்லை. நான் இடையில் விழிக்காமல் விடியும்வரை தூங்குவது அந்த வேனில் மட்டும்தான். இதை ஒரு காரணமாக யாரிடமும் சொல்ல முடியாது. ரகுவிடமும் சொல்லவில்லை. போவதென்றால் உப்பு ஒட்டாமல் போய் வருவோம் என்று மட்டும் சொன்னேன்.

ஆகவே ஆயத்தங்கள். வேனின் அடிப்பகுதியை நன்றாகக் கழுவி, இரண்டு நாள் காயவிட்டு, மெழுகுத் தெளிப்பான் அடித்தோம். ஈரத்தின் மேல் அடித்தால் உப்பை உள்ளே வைத்துப் பூட்டியது போலாகிவிடும். முன் பம்பருக்குப் பின்னால் பிளாஸ்டிக் மறைப்பு இருந்ததால் அங்கே கை போகவில்லை. வெளியில் தெரிந்த இடத்துக்கு மட்டும் அடித்தோம். சைக்கிள் சங்கிலிகளைத் துடைத்து மெழுகு பூசினோம். சைக்கிள்களுக்கான உறை ரகுவின் யோசனை. உணவகத்தில் வெறுமையாகும் இருபது கிலோ பாஸ்மதிப் பைகளைக் கொண்டுவந்து, பக்கங்களை வெட்டி, சாக்கு ஊசியால் இணைத்துத் தைத்தார். கடையில் விற்கும் உறையை விட அது உறுதியாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம். பாரிஸில் நாங்கள் இருக்கும் லா சப்பலில் இருந்து ஜூரா மலையில் உள்ள லே ரூஸ் ஏறக்குறைய 460 கிலோமீட்டர். நெடுஞ்சாலைக் கட்டணம் 42 யூரோ, டீசல் போக மட்டும் 85 யூரோ. நிறுத்தங்களோடு எட்டு மணி நேரம் எடுத்தது. திஜோன் தாண்டும்வரை சாலை கறுப்பாக இருந்தது. பிறகு மெல்ல மெல்ல வெளிறியது. முதலில் ஓரங்கள், பிறகு நடுக்கோடு, பிறகு எல்லாம். அது பனியா உப்பா என்று பிரித்தறிய முடியவில்லை. எங்களுக்கு முன்னால் ஓர் உப்பு லாரி தூவிக்கொண்டே போனது. மூடுபனியில் அதன் மஞ்சள் விளக்கு சுழல, பைன் மரங்கள் ஒருமுறை தோன்றி ஒருமுறை மறைந்தன. யாரோ கனவில் விதைக்கிறார்கள் போல இருந்தது.

“ஊரிலை ஆனையிறவு உப்பளத்திலை உப்பை மழை படாமல் மூடி வைப்பாங்கள். இஞ்சை தெருவிலை கொட்டுறாங்கள்,” என்றார் ரகு. லாரியை நாங்கள் முந்தவில்லை. அதன் பின்னால் ஐம்பது மீட்டர் விட்டுப் போனோம். உப்பு தெறிக்காமல் இருக்க அது போதாது, நூறாவது வேண்டும் என்பது பிறகு தெரிந்தது.

வேன்கள் தங்கும் இடத்தில் மின்சாரத்தோடு ஓர் இரவுக்கு 19 யூரோ. பக்கத்து வேனில் இருந்த வயதான பிரெஞ்சுப் பெண் எங்கள் சைக்கிள்களைச் சுற்றி வந்து, மலைக்கு அரிசி விற்க வந்தீர்களா என்று கேட்டார். ஆமாம், ஆனால் மூட்டையை அவிழ்க்க மாட்டோம் என்றார் ரகு. அந்தப் பெண் சிரித்துவிட்டு உருப்படியாக ஒன்று சொன்னார். ஓடும்போது மூடுங்கள், நின்றதும் திறந்துவிடுங்கள்; உறைக்குள் உப்பு ஈரம் தங்கினால் உறை இல்லாததை விட மோசம். அன்றிலிருந்து அப்படியே செய்தோம்.

அந்த வாரத்தைப் பற்றி எழுத அதிகம் இல்லை. காலையில் கண்ணாடி முழுக்க உறைபனி இலை இலையாகப் படர்ந்திருக்கும். கெட்டில் கொதிக்கக் கொதிக்க இலைகள் கரைந்து, தூரத்தில் இருந்த உறைந்த ஏரி கண்ணாடி வழியே கொஞ்சம் கொஞ்சமாக வேனுக்குள் வரும். நண்பகலில், பனி ஒதுக்கிய பாதையில் ஏரிக்கரை வரை சைக்கிளில் போவோம். சத்தமே இல்லை, டயருக்கடியில் பனி நொறுங்குவது மட்டும். ஒரு நாள் ரகு எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தபோது மூடுபனி வந்து அவரை எடுத்துக்கொண்டது. நான் மிதிப்பதை நிறுத்தவில்லை. கொஞ்ச தூரத்தில் மூடுபனி அவரைத் திருப்பித் தந்தது. ஒவ்வோர் இரவும் நான் நன்றாகத் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை திரும்பும் வழியில், பாரிஸுக்குச் சற்று முன்னால், உயரமான வாகனங்களுக்கான பகுதி உள்ள கழுவுமிடம் ஒன்றில் நிறுத்தினோம். மறுநாள் பரிசோதனை என்பதால் அடிப்பகுதியை ஓர் அங்குலம் விடாமல் கழுவினேன். இடது முன்பக்கம் வந்தபோது தண்ணீர் வேகத்தில் பம்பருக்குப் பின்னால் இருந்த மறைப்பு கழன்று தொங்கியது. உள்ளே, சட்டத்தோடு சேர்த்துக் கம்பியால் இறுக்கிக் கட்டிய ஒரு சிவப்புத் துணி முடிச்சு. ரகு படுத்து அதை அறுத்தெடுத்தார். அவிழ்த்தால் ஈரமான கல்லுப்பும் கறுத்துப்போன காய்ந்த செத்தல் மிளகாய்களும். முடிச்சு இருந்த இடத்தில் இரும்பு, பழைய புத்தகத்தின் தாள் போல அடுக்கடுக்காக உரிந்து வந்தது. வேறெங்கும் துரு இல்லை.

லா சப்பலுக்கு வந்து பெட்டிகளை இறக்குவதற்கு முன்பே பக்கத்துத் தெருவான ரூ பெர்தொனேக்குப் போனோம். அங்கே பலசரக்குக் கடை வைத்திருக்கும் தவம் அண்ணை ரகுவின் நீண்டகால நண்பர். இரண்டு ஆண்டுக்கு முன் வேனை வாங்கியதும் முதலில் கொண்டுபோய்க் காட்டியது அவருடைய கடை வாசலில்தான்; கண்ணூறு, நாவூறு கழிக்க உப்பும் மிளகாயும் முடிபவரும் அவர்தான். துணியைப் பார்த்ததும் அவர் மறுக்கவில்லை.

“ஓம் தங்கச்சி, நான்தான் வைச்சனான். வண்டியை அண்டைக்கு எல்லாரும் வந்து வந்து பாத்தவை. நாவூறு கழிக்காமல் விடேலுமே?”

உப்பும் மிளகாயும் சுற்றிக் கழித்தால் முச்சந்தியில் எறிய வேண்டும், இல்லாவிட்டால் நெருப்பில் போட வேண்டும். அதைச் செய்திருக்கலாமே என்றேன்.

“முச்சந்தியிலை எறிஞ்சா பொலிஸ் அமாந்து எழுதுவான், தண்டம் கட்ட வேணும். அடுப்பிலை போட்டா மேல்வீட்டுக்காரி நெருப்பணைக்கிற பொம்பியேயைக் கூப்பிடுவாள், அவங்கள் ஏணியோடை வந்து நிப்பாங்கள். அதுதான் வண்டியோடை கட்டிவிட்டன். ஓட ஓட வழியிலை கரையட்டும் எண்டு.”

ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் ரகுவைப் பார்த்தார், பிறகு என்னை.

“நீங்கள் உதுகளை நம்பமாட்டியள். சொன்னா எடுத்து எறிஞ்சிருப்பியள்.”

எறிந்திருப்பேன் என்பது உண்மைதான். நாளைக்குப் பரிசோதனையில் பிழைவராது, பிள்ளையாரிடம் சொல்லி வைக்கிறேன் என்றார் தவம் அண்ணை. “சொல்லுங்கோ அண்ணை, ஆனால் உப்பு வையாதேங்கோ,” என்றார் ரகு. கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். தவம் அண்ணை சிரிக்கவில்லை. துணியை வாங்கி, கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

இதே போலப் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். வேனின் பின்புறம்தான் உப்பு அதிகம் தெறிக்கும் இடம். முடிந்தால் சைக்கிள்களை உள்ளே வையுங்கள். முடியாவிட்டால் சங்கிலி, கியர், இருக்கை மூன்றையும் தனியாகச் சுற்றிக் கட்டுங்கள். சைக்கிளுக்கு அழுத்த நீர் வேண்டாம், சக்கர அச்சுக்குள் உப்பு புகுந்துவிடும். ஒரு வாளி தண்ணீரும் துணியும் போதும். வேனுக்கு அடியில் அழுத்த நீர் அவசியம், எங்களுக்கு 9 யூரோ ஆனது. உப்பு ஒட்டிய வண்டியைக் கொண்டுபோய்ச் சூடான தரிப்பிடத்தில் விடாதீர்கள். கடுங்குளிரில் மந்தமாக இருக்கும் துரு, கதகதப்பில்தான் சுறுசுறுப்பாக வேலை செய்யும். புறப்படுமுன் கழற்றக்கூடிய மறைப்புகள் எல்லாவற்றையும் கழற்றி உள்ளே பாருங்கள். உங்கள் வண்டியை வாழ்த்தியவர்கள் என்னென்ன செய்தார்கள் என்றும் கேட்டு வையுங்கள். சாலை உப்பைப் பற்றி நான் படித்தது அத்தனையும் சரியாகவே இருந்தது. அது எங்கள் வேனைத் தொடவில்லை.

திங்கட்கிழமை ஒன்பதரை மணிக்குப் பரிசோதகர் வேனை உயர்த்தினார். அடிப்பகுதி முழுவதும் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, ஜூராவில் இருந்து வந்த வண்டி போலவே இல்லை என்றார். பிறகு இடது சட்டத்துக்கு வந்தார். சின்னச் சுத்தியலால் தட்டினார், சத்தம் சரியில்லை. திருப்புளி முனையை வைத்து அழுத்தினார். அது உள்ளே போனது. தேறவில்லை, இரண்டு மாதத்துக்குள் திருத்தி மறுபடி காட்ட வேண்டும். ரகு அறிக்கையை வாங்கி மடித்துக் கோட்டுப் பையில் வைத்தார். பிறகு, இந்தப் பக்கத்தில் சட்டம் ஒட்டுகிற நல்ல வெல்டர் யாரையாவது தெரியுமா என்று பரிசோதகரிடம் கேட்டார்.