ஜெயராணி செஞ்ச மூணடுக்கு ராக்கெட்டு

எனக்கும் ஜெயராணிக்கும் ஆகாதுன்னு அன்னவாசல்ல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. நான் நாகராசு, இருபத்தாறு வருசமா வெல்டிங் பட்டறை வச்சிருக்கேன். அவ ஆவூர்க்காரி. திருச்சி ரோட்டுக் கம்பெனி ஷெட்டுல கிரைண்டிங் மிஷின் பிடிக்கப் போயி, அங்கேயே வெல்டிங்கும் கத்துக்கிட்டு வந்து, ஆறு வருசத்துக்கு முன்னாடி என் எதிர்த்தாப்புலயே கடையைப் போட்டா. பொம்பளை வச்ச ஒட்டு எத்தனை நாளைக்கு நிக்கும்னு நான்தான் மொதல்ல வாயை விட்டேன். மறுநாளே போர்டு எழுதி மாட்டிட்டா: 'ஜெயராணி வெல்டிங். பிடிச்சா விடாது.'

விடவும் இல்லை. அவ போட்ட கேட்டுல ஒரு லாரி ரிவர்ஸ்ல வந்து மோதுச்சு. நசுங்குனது லாரிதான். சொல்லும்போதே வயிறு எரியுது, ஆனா உண்மை உண்மைதானே.

இந்த வருசம் பள்ளிக்கூடத்து அறிவியல் கண்காட்சிக்குச் சரண்யா டீச்சர் ஒரு ராக்கெட்டு கேட்டாங்க. பத்தடி உசரம், தகரத்துல மூணு அடுக்கு. மோட்டார் அதைக் கம்பத்து உச்சிக்கு இழுக்கும். போற வழியில அடுக்கு ஒவ்வொண்ணாக் கழண்டு, கீழே கட்டுன வலையில விழணும்.

ஏன் கழளணும்னு கேட்டேன். நிலாவுக்கு ஆளைக் கொண்டுபோற ராக்கெட்டுல முக்காலே மூணுவீசம் எரிபொருள்தானாம். எரிஞ்சு தீர்ந்த டேங்கு வெறும் பாரம். அதையும் சொமந்துக்கிட்டுப் போனா நிலாவுக்குப் போய்ச் சேரவே முடியாது. அதனால மொத அடுக்கு தரையிலேருந்து கெளப்பிவிட்டுக் கழண்டுரும். ரெண்டாவது இன்னும் வேகத்தைக் கூட்டிவிட்டுக் கழண்டுரும். மூணாவது நிலாப் பக்கம் தள்ளிவிட்டதும் அதையும் விட்டுருவாங்க. முன்னாடி ஒருக்கா மூவாயிரம் டன் கிட்ட கெளம்புனதுல, ஆளோட திரும்பி வந்து கடல்ல விழுந்தது ஆறு டன்கூட இல்லையாம். அடேயப்பான்னு இருந்துச்சு எனக்கு.

அந்த வேலை ஜெயராணிக்குப் போச்சு. அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவுல லேசா பொட்டு மாதிரி ஒரு ஒட்டு மட்டும் வைங்க, கயித்தைச் சுண்டுனா விட்டுரணும்னு டீச்சர் படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. அவ கை லேசா வைக்கிற கையா? ஒத்திகையன்னைக்கு நாலு வாத்தியார் சேர்ந்து இழுத்தாங்க. கம்பம் வளைஞ்சுச்சு, ராக்கெட்டு பிரியலை.

எனக்குச் சந்தோசம் தாங்கலை. "என்ன ஜெயராணி, ட்ராக்டர் டிரெய்லரை மாட்டிக்கிட்டே நிலாவுக்குப் போறியா? அதைக்கூடப் பின்னை உருவுனா கழட்டிரலாமே"ன்னேன். நின்னவங்கள்லாம் சிரிச்சாங்க. அவ சிரிக்கலை.

"வெள்ளிக்கெழமை கண்காட்சியில இது பிரியலைன்னா நீங்களே வந்து என் போர்டைக் கழட்டிக்கங்கண்ணே. கடையை மூடிர்றேன்."

சொன்னா செய்யிறவ. அதைக் கேட்டுக்கிட்டு பாதி ஊரு நின்னுச்சு.

வெள்ளிக்கெழமை அவ போர்டைக் கழட்டப் பதிமூணாம் நம்பர் ஸ்பேனரைச் சட்டைப்பையில போட்டுக்கிட்டுத்தான் மைதானத்துக்குப் போனேன். மோட்டார் ஓடுச்சு. அவ ஒரு கயித்தைச் சுண்டுனா, மொத அடுக்கு தடால்னு வலையில விழுந்துச்சு. பின்னாடியே ரெண்டாவது. மூணாவதுக்குச் சுண்டுனா, அசையலை. என் கை தானா ஸ்பேனருக்குப் போச்சு. அவ பதறலை. செருப்பைக் கழட்டி ஓரமா விட்டுட்டு, காலை ஊண்டி இன்னொரு சுண்டு. விழுந்துருச்சு. ஆள் உக்கார்ற சின்னக் கூடு மட்டும் தனியா ஏறிப் போயி, உச்சியில மாட்டியிருந்த பல்பு நிலாவைத் தொட்டுச்சு.

எப்படிச் செஞ்சீங்கன்னு டீச்சர் மைக்கை நீட்டுனாங்க. வச்ச பொட்டு எல்லாத்தையும் அறுத்து எறிஞ்சுட்டு, டிரெய்லருக்குப் போடுறாப்புல சின்னதா பின்னு போட்டேன்னா. அதோட நிறுத்தியிருக்கலாம்.

"யோசனை என்னுது இல்லைங்க. அங்கிட்டு நிக்கிறாரே நாகராசு அண்ணன், அவரு சொன்னது."

சனம் பூராவும் திரும்பி எனக்குக் கைதட்டுச்சு. என் ஆயுசுல அன்னைக்கு மாதிரி வெக்கப்பட்டதில்லை.

சாயங்காலம் அவ ஏணியில நின்னு போர்டுல இன்னொரு வரி எழுதிக்கிட்டிருந்தா: 'விடச் சொன்னா விடும்.' போர்டு ஒரு பக்கமா ஆடிக்கிட்டிருந்துச்சு. எறங்கு தாயின்னு சொல்லிட்டு நான் ஏறுனேன். பையில இருந்த ஸ்பேனரை எடுத்து போர்டோட நட்டை நல்லா முடுக்கிவிட்டேன்.