சாமை மூட்டையோடு சேலம் விமான நிலையத்துக்கு

சனிக்கிழமை காலை 5.45, ஜமுனாமரத்தூர்.

வண்டி கிளம்பும்போதே சண்டை. ஜவ்வாது மலையில் இருப்பவன் ஐதராபாத்துக்குப் பறக்க வேண்டுமென்றால் இரண்டு வழி. போளூர், ஆரணி, ஆற்காடு என்று போய் சென்னை மீனம்பாக்கம், 210 கிலோமீட்டர். இல்லையென்றால் ஆலங்காயம், திருப்பத்தூர், தர்மபுரி என்று போய் ஓமலூர் பக்கம் இருக்கும் சேலம் விமான நிலையம், 158 கிலோமீட்டர். சென்னை டிக்கெட் 2,480 ரூபாய். சேலம் 3,150. சென்னையில் ஒன்றை விட்டால் இன்னொரு விமானம் உண்டு. சேலத்தில் விட்டால் திங்கட்கிழமைதான். ரயிலில் காத்திருப்போர் பட்டியலில் எண்பத்தாறாவது ஆளாக இருந்தேன். அந்தப் பேச்சே வேண்டாம்.

நான் சேலம் என்றேன். ஊரே சென்னை என்றது. என் மனைவி வளர்மதிக்கு தியாகராய நகரில் ஒரு புடவை மாற்ற வேண்டியிருந்தது. அவள் தம்பிக்குப் பழைய டிராக்டருக்கு ஒரு உதிரிபாகம் தேவைப்பட்டது. டிரைவர் வேடியப்பன் இன்னும் கடலைப் பார்த்ததில்லை. எனக்காக யோசனை சொன்னவன் ஒருத்தன் கிடையாது.

நான் ஏன் சேலம் என்றேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் தங்கை அமுதா ஐதராபாத்தில் இருக்கிறாள். ஐந்து வருடத்துக்கு முன் அவள் பையனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். தாய்மாமன் நான். சென்னை வழியாகக் கிளம்பினேன். மூன்று மணி நேரம் முன்னாலேயே போய்விட்டேன். நம் ஆட்களுக்கு ஒரு புத்தி உண்டு, எங்கே வரிசை நீளமாக இருக்கிறதோ அதுதான் சரியான வரிசை. நானும் போய் நின்றேன். ஒரு மணி நேரம் நகர்ந்து நகர்ந்து முன்னால் போனால், "மஸ்கட்டா சார்?" என்று கேட்டார்கள். வேறு கட்டடம். சரியான கட்டடத்துக்கு ஓடிப் போவதற்குள் என் விமானம் கிளம்பிவிட்டது. அங்கே பையனை மாப்பிள்ளையின் அண்ணன் மடியில் வைத்துக் குத்திவிட்டார்கள். அந்தப் போட்டோவைப் பெரிதாக்கி அமுதா வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறாள். வீடியோ காலில் பேசும்போதெல்லாம் அந்த ஆள் என் இடத்தில் உட்கார்ந்து பல்லைக் காட்டுகிறார்.

இப்போது இரண்டாவது, பெண் குழந்தை, யாழினி. ஞாயிறு காலை 9 மணிக்குக் காதுகுத்து. "இந்தத் தடவையும் வர்லன்னா, நீ எனுக்கு அண்ணனே கெடையாது" என்று அமுதா சொல்லிவிட்டாள். சும்மா சொல்லும் ஆள் இல்லை அவள். எங்கள் வீட்டுக் கோபம் எனக்கு மட்டும் வந்ததல்ல.

6.50, ஆலங்காயம்.

காவலூர் தாண்டி வளைவுகளில் இறங்கும்போது இரண்டு தடவை வண்டியை நிறுத்தச் சொன்னேன். ஆலங்காயத்தில் டீ பன்னிரண்டு ரூபாய், வெந்நீர் மாதிரி இருந்தது, சொன்னேன். "மலையிலேருந்து வந்தாலே இப்டித்தான்" என்றார் கடைக்காரர். இன்னொன்று வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

வேடியப்பன் திருப்பத்தூர் வரை வாயை மூடவில்லை. "சென்னைன்னா பீச்சாண்ட போய்ட்டு வந்துருக்கலாம்ணா" என்றான்.

"நான் எதுக்குடா பீச்சுக்குப் போறேன்?"

"நீ இல்லணா, நானு."

9.10, தொப்பூர்.

தர்மபுரி தாண்டி தொப்பூர் இறக்கத்தில் ஒரு லாரி குறுக்கே நின்றுவிட்டது. நாற்பது நிமிடம். "சேலம்தான் பக்கம்னு சொன்னியேணா" என்று வேடியப்பன் ஒரு வார்த்தைதான் சொன்னான். நான் இறங்கிப் போய், லாரியைத் தள்ளுபவர்களைப் பார்த்து எப்படித் தள்ள வேண்டும் என்று கத்தினேன். அதனால் ஒன்றும் நடக்கவில்லை. கிரேன் வந்துதான் நகர்ந்தது.

10.35, விமான நிலையம்.

கூகுள் மேப் "வந்துவிட்டீர்கள்" என்றது. வேடியப்பன் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தான். அரை கிலோமீட்டர் தாண்டித்தான் நிறுத்தினான்.

"இன்னாணா, அதா ஏர்போர்ட்டு? யாரோ புதுசா கல்யாண மண்டபம் கட்டிகீறாங்கன்னு நெனச்சேன்."

திரும்பி வந்தோம். உண்மையிலேயே சின்னதுதான். ஆனால் ஒன்று சொல்கிறேன், வாசலில் இறங்கினால் உள்ளே போகும் வழி தெரிகிறது. வரிசை ஒன்றுதான். அதில் நின்றால் மஸ்கட்டுக்குப் போக முடியாது.

வேடியப்பன் கிளம்பவில்லை. "பிளேன் ஏர்றதைப் பாத்துட்டுப் போறேன்ணா. கடல்தான் கெடைக்கல" என்றான்.

கவுண்டரில் ஒரு பெண், பெயர் சரண்யா என்று சட்டையில் இருந்தது. என் பெட்டியையும் மூட்டையையும் எடையில் வைத்தாள்.

"சார், இருபத்திரண்டு கிலோ இருக்குதுங்க. பதினஞ்சு கிலோதாங்க கணக்கு."

"நான் அறுபத்தெட்டு கிலோம்மா. அதோ நிக்கிறாரே, அவரு நூத்திப்பத்து இருப்பாரு. அவரை எடை போட்டியா?"

அந்த மனிதர் திரும்பி என்னைப் பார்த்தார். விமானத்தில் எனக்குப் பக்கத்து இருக்கை அவருக்குத்தான் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

கூடுதல் எடைக்குப் பணம் கட்டலாம் என்றாள். ஒரு கிலோவுக்கு அவள் சொன்ன தொகையில் எங்கள் ஊரில் நாலு கிலோ சாமை வாங்கலாம். எனக்குக் கோபம் ஏறிவிட்டது. கையில் ஏற்கெனவே சீர்த்தட்டும் பட்டுப்பாவாடையும் வைத்த பை இருந்தது, அதிலும் இடமில்லை. பெட்டியில் துணியும் புளியும் இரண்டு பாட்டில் தேனும். தனியாக இருந்தது அமுதா கேட்டிருந்த ஏழு கிலோ சாமை மூட்டை. அதைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய், காவலரிடம் சொல்லி, தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்ற வேடியப்பனிடம் கொடுத்தேன்.

"எடுத்துனு போ. வூட்ல சோறாக்கித் தின்னு."

"அமுதாக்கா கேக்குமேணா?"

"கேட்டா நான் சொல்லிக்கிறேன்."

பெட்டி சரியாகப் பதினைந்து கிலோ. தலை நிமிர்ந்து சோதனை முடித்து உள்ளே போய் உட்கார்ந்தேன்.

11.40, உள்ளே.

வளர்மதி போன் செய்தாள். "உள்ள போய்ட்டீங்களா? கம்மல் பத்திரம்."

"கம்மலா? கம்மல் சீர்த்தட்டுலதானே இருக்கு?"

"அதுல யாரு வெப்பாங்க? சாமையில போட்டு வெச்சிகீறேன்."

எங்கள் பக்கத்தில் பெண்களுக்கு ஒரு பழக்கம். வெளியூர் போனால் நகையைப் பீரோவில் வைக்க மாட்டார்கள். பீரோவை உடைக்கிற திருடன் சாமை கொட்டி வைத்த குதிருக்குள் கையை விட மாட்டான் என்று நம்பிக்கை. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் திருடனிடம் சொல்லாததைப் புருஷனிடமாவது சொல்ல வேண்டாமா?

"ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"உன்கிட்ட சொன்னா வழியில டீக்கடை வரைக்கும் சொல்லிடுவ." கோபம் வந்தால் அவளுக்கு 'ங்க' போய்விடும். "எங்க அந்த மூட்டை?"

போனை வைத்துவிட்டேன். வேடியப்பனுக்கு அடித்தேன். வழியெல்லாம் போனில் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தான், சார்ஜ் தீர்ந்து போன் செத்துக் கிடந்தது.

கால் பவுன் கம்மல். போளூர் ஆசாரியிடம் சொல்லிச் செய்தது. மாமன் கொண்டு வரும் கம்மலைத்தான் குழந்தைக்குப் போட வேண்டும். கம்மல் இல்லாத மாமனும் வராத மாமனும் ஒன்றுதான். சுவரில் அந்த ஆள் பல்லைக் காட்டும் இரண்டாவது போட்டோவும் கண்ணுக்குத் தெரிந்தது.

எழுந்து நின்று கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கு ஞாபகமில்லை. கவுண்டரில் எடை போட்ட அதே சரண்யாதான் இப்போது விமானத்துக்கு அனுப்பும் கதவருகிலும் நின்றாள். ஓடி வந்தாள்.

"சார், உக்காருங்க. என்ன மூட்டைங்க?"

"சாமை! வெள்ளைப் பொலேரோ வண்டி!"

"ஆளு எப்படி இருப்பாருங்க?"

"கடலைப் பார்க்காதவன் மாதிரி இருப்பான்!"

அவள் சிரிக்கவில்லை. கையில் இருந்த வாக்கிடாக்கியில் வாசலுக்குப் பேசினாள். பதில் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "ஒரு ஆளு வேலியோரமா வண்டி மேல ஏறி உக்காந்திருக்கான். எறங்கச் சொல்லிட்டே இருக்கேன், எறங்க மாட்டேங்கிறான்."

"உக்காந்திருக்கிறது எதுமேல?" என்றாள் சரண்யா.

காவலர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "மூட்டை மேல."

11.55.

வாசல் காவலர் கையில் மூட்டை உள்ளே வந்தது. சும்மா வரவில்லை, சோதனை இயந்திரத்துக்குள் போய் வந்தது. திரையைப் பார்த்த அதிகாரி நிறுத்தினார். சாம்பல் நிறக் குவியலுக்கு நடுவில் இரண்டு கறுப்புப் புள்ளி. "இதுங்களா?" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. சாமைக்குள் தங்கத்தைத் தேட ஒரு மிஷின் இருக்கிறது என்று வளர்மதிக்குத் தெரிந்தால் நாட்டில் எந்தத் திருடனையும் நம்ப மாட்டாள்.

புள்ளி தெரிந்ததே தவிர, மூட்டையை எடுத்ததும் உள்ளே எல்லாம் நகர்ந்துவிட்டது. கையை விட்டுத் துழாவினேன். கிடைக்கவில்லை. பயணிகள் சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஓமலூரிலிருந்து மகளைப் பார்க்கப் போகும் ஓர் அம்மா என்னைத் தள்ளிவிட்டார்.

"நகருங்க. துழாவத் துழாவ அடியில போகுமுங்க. அந்தத் தட்டைக் குடுங்க சார்."

பர்ஸும் பெல்ட்டும் போட்டு அனுப்புகிற பிளாஸ்டிக் தட்டை அதிகாரியிடம் கேட்டார். அவரும் கொடுத்துவிட்டார். அந்த அம்மா அதை முறமாகப் பிடித்து, ஒவ்வொரு கிலோவாகக் கொட்டி, ஆட்டிச் சரித்தார். நாலாவது தடவை ஒரு கம்மல். ஐந்தாவதில் இன்னொன்று. நூற்றுப்பத்து கிலோ மனிதர், "ரெண்டும் இருக்கா பாருங்க, திருகாணி?" என்றார். திருகாணிகளும் இருந்தன.

சாமையை இனியும் கொண்டுபோக முடியாது. அந்த அம்மாவுக்கு ஒரு பங்கு கொடுத்தேன். மீதியைச் சரண்யாவிடமும் வாசல் காவலரிடமும் கொடுத்துவிட்டேன். சரண்யா இதை எப்படிச் சமைப்பது என்று கேட்டாள். ஒன்றுக்கு இரண்டரை தண்ணீர் என்றேன். சந்தேகம் வந்தால் கேட்க என் மோட்டார் ரிப்பேர் கடை அட்டையையும் கொடுத்தேன்.

12.30.

விமானம் கிளம்பியது. ஜன்னல் வழியே பார்த்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் வேடியப்பன் மறுபடியும் வண்டி மேல் ஏறி நின்று இரண்டு கையையும் ஆட்டினான். பக்கத்து இருக்கைக்காரர் ஐதராபாத் வரை என் கைப்பிடியையும் சேர்த்து எடுத்துக்கொண்டார். ஏனென்று கேட்கும் தகுதியைக் கவுண்டரிலேயே இழந்திருந்தேன்.

ஞாயிறு காலை 9.00, ஐதராபாத்.

யாழினி என் மடியில். ஆசாரி ஊசியை எடுத்ததும் என் கட்டைவிரலைக் கடித்தாள். நாலு பல்தான், நாலும் இறங்கியது. இரண்டு காதும் குத்தி, கம்மல் போட்டு, போட்டோ எடுத்தாயிற்று. மாப்பிள்ளையின் அண்ணன் ஓரமாக நின்றார். அவர் நல்ல மனிதர் என்று அன்றுதான் தெரிந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு அமுதா என் பெட்டியைக் குடைந்தாள்.

"சாமை எங்கணா?"

நடந்ததைச் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "கம்மலு இங்க தெருவுக்குத் தெரு கெடைக்கும். சாமைக்கு நான் எங்கடா போவேன்? மூணு வருசமா கேட்டுனு கீறேன்" என்று கத்தினாள். யாழினிகூட அழுகையை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை, சென்னை.

திரும்பும் நாளில் சேலத்துக்கு விமானம் இல்லை. சென்னையில் வந்து இறங்கினேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. எல்லாம் பளபளப்பு, எல்லாவற்றுக்கும் அம்புக்குறி. பெட்டி வரும் பட்டையருகே நின்றபோது போனில் காதுகுத்துப் போட்டோவைப் பார்த்தேன். அமுதா காலையிலேயே அனுப்பியிருந்தாள். ஹால் சுவரில் பழைய போட்டோவுக்குப் பக்கத்தில் இதுவும் மாட்டியாகிவிட்டது. யாரிடமாவது காட்ட வேண்டும் போலிருந்தது. பக்கத்தில் நின்றவர் காதில் எதையோ மாட்டிக்கொண்டு சுவரோடு பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் நின்றவரும் அப்படித்தான்.

அப்போது சரண்யாவிடமிருந்து செய்தி வந்தது. கூடவே ஒரு படம், குண்டானில் வெள்ளையாக ஏதோ கூழ். கீழே, "சார், கஞ்சியாப் போச்சுங்க. தண்ணி அஞ்சு ஊத்தினேன். பாப்பாவுக்குக் காது குத்தியாச்சுங்களா?"

போட்டோவை அனுப்பினேன். பிறகு மனசு கேட்காமல் போன் போட்டேன்.

"ஒண்ணுக்கு ரெண்டரைன்னு படிச்சிப் படிச்சி சொன்னேனே, அஞ்சு எதுக்குமா ஊத்துன? சாமைக்கு யாராவது அஞ்சு ஊத்துவாங்களா!"

சென்னை விமான நிலையத்தில் முதல் முறையாக நாலு பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.