கருந்துளைக்கு இரண்டு மதிப்பெண்

பேப்பர் திருத்தப் போகும் இளம் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். முப்பது வருடம் இயற்பியல் நடத்தியவள் நான். கீ, அதாவது விடைக்குறிப்பு, சொன்னபடி திருத்தித் தப்புச் செய்தவளும் நான்தான்.

காரைக்குடியில் சில பள்ளிகள் சேர்ந்து நடத்திய பிளஸ் ஒன் தேர்வு. என் இரண்டாவது பண்டிலில் ஒரு பேப்பர் முப்பத்துமூன்றில் நின்றது. பாஸுக்கு இரண்டு குறைவு. அப்படி வந்தால் மறுபடி புரட்டி, எங்காவது இரண்டு மார்க் தேறுமா என்று பார்ப்பது எங்கள் வழக்கம். பேப்பரில் டம்மி நம்பர்தான் இருக்கும். கண்டனூர்ப் பள்ளிப் பிள்ளையா நெற்குப்பைப் பள்ளிப் பிள்ளையா என்று தெரியாது.

புரட்டினால், நானே சிவப்பில் அடித்த ஒரு விடை. குவாசர் என்ற விண்பொருளுக்கு அத்தனை வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பது இரண்டு மார்க் கேள்வி. விண்மீன்களின் அணுக்கரு இணைவு என்றது கீ. பிள்ளை எழுதியிருந்தது இது: "நடுவில் ராட்சதக் கருந்துளை. அதன் ஈர்ப்பில் விழப்போகும் வாயு வேகமாகச் சுற்றி, உரசிச் சூடேறி ஒளிர்கிறது." சரியான விடை. படிக்காமலே அடித்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

சீஃப் எக்ஸாமினர் மாணிக்கம் சாரிடம் கொண்டுபோனேன்.

"கருந்துளைக்குள்ள போன வெளிச்சமே வெளிய வராது. அது எப்படி டீச்சர் வெளிச்சம் குடுக்கும்?"

"உள்ள போனதுதான் சார் வராது. இது விழறதுக்கு முந்தி, வெளியில சுத்துறப்பவே எரியுது. உள்ளங்கை ரெண்டையும் உரசிப் பாருங்க."

உரசினார். சூடு தெரிந்திருக்கும், குரலைத் தணித்தார்.

"வேற கேள்வியில ரெண்டு மார்க்கப் போட்டுப் பாஸ் பண்ணிவிடுங்க. கீயில எதுக்குக் கை வைக்கிறீக?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"சரியா எழுதுன பிள்ளைக்குப் பிச்சை போடச் சொல்றீகளா? கீயத் திருத்துங்க. இல்லாட்டி மார்க் ஷீட்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"அடுத்த வருஷம் உங்களக் கூப்பிட மாட்டாக."

"கூப்பிட வேணாம் சார்."

கையெழுத்து இல்லாமல் பண்டில் நகராது. மதியம் வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் கேள்வித்தாளும் கீயும் தயாரித்தவருக்கே மாணிக்கம் சார் போன் போட்டார். அந்த மனிதர் கீ தப்புதான் என்று மென்று விழுங்கி ஒப்புக்கொண்டார். கீ திருத்தப்பட்டது, கட்டி வைத்த பண்டில்களை எல்லோரும் பிரித்தோம். என் முதல் பண்டிலிலேயே அதே விடையை மூன்று பேப்பரில் அடித்திருந்தேன். பஸ் போய்விடும் என்று சக ஆசிரியர்கள் முணுமுணுத்தார்கள். போகட்டும் என்றேன்.

அடுத்த வருடம் என்னைக் கூப்பிடவில்லை. அதற்குப் பிறகும் இல்லை.

கருணையாக இரண்டு மார்க் போட்டிருந்தாலும் அந்தப் பிள்ளை பாஸாகியிருக்கும்தான். ஆனால் பேப்பர் கைக்கு வரும்போது, சரியாகப் புரிந்து எழுதியதன் மேல் என் சிவப்புக் கோடு கிடந்திருக்கும். தான் நினைத்தது தப்பு என்றே அந்தப் பிள்ளை காலமெல்லாம் நம்பியிருக்கும். அந்தக் கோட்டை அழிக்கத்தான் சண்டை போட்டேன். இன்றைக்கு என்றாலும் போடுவேன்.