கிராக்கோவில் நானும் அக்காவும் பார்த்த இடங்கள்

என் கழுத்தில் ஒரு கமரா தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் படச்சுருள் கிடையாது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்தை விட்டு மொஸ்கோ வழியாக ஜெர்மனிக்குப் போய்க்கொண்டிருந்த நானும் அக்காவும் போலந்தின் கிராக்கோவ் நகரச் சதுக்கத்தில், பட்டப்பகல் வெயிலில் நின்றோம். எங்களைக் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் ஒளித்து வைத்திருந்த வீட்டில் பகலில் ஆளரவம் கேட்கக் கூடாதாம், அயலவர்கள் பொலிசுக்குச் சொல்லிவிடுவார்களாம். அதனால் காலையில் எங்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, தொப்பியும் கமராவும் மாட்டி வெளியே விட்டுவிட்டான். "ஒளிக்கிறதெண்டால் சனத்துக்குள்ள ஒளிக்கவேணும் அண்ணை. ரூரிஸ்ட் மாதிரி நடவுங்கோ. ரூரிஸ்ட் பொலிசைக் கண்டால் பயப்பிடமாட்டான், சிரிப்பான். எங்கை, ஒருக்காச் சிரியுங்கோ பாப்பம்." சிரித்துக் காட்டினேன். ஒரு கணம் உற்றுப் பார்த்தவன், "சரி, நீங்கள் சிரிக்க வேண்டாம். அக்கா சிரிக்கட்டும்" என்றான்.

அக்காவுக்குக் கலியாணமாகி மறுவருசமே அத்தான் டோர்ட்மண்டுக்குப் போய்விட்டார். அங்கே ஓர் உணவகக் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். அவரிடம் அக்காவைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியது என் பொறுப்பு என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து தீர்மானித்திருந்தார்கள். என்னை முழுவதுமாக அறிந்தவர்கள் எடுத்த முடிவு அது என்பதை இன்றுவரை என்னால் நம்ப முடியவில்லை. பிடிபட்டால் கொழும்பு விமானம்தான். அங்கே இறங்கினால் என்ன நடக்கும் என்பதை நான் நினைக்காமல் இருக்கப் பார்த்தேன்.

கிராக்கோவ் அழகான நகரம் என்று சொல்கிறார்கள். இருக்கலாம். நான் பார்த்தது என் சப்பாத்துகளை மட்டும்தான். சதுக்கத்தின் கற்கள் சதுரமானவை, பழைய நகரைச் சுற்றியுள்ள பூங்காவின் பாதை மண்ணாலானது, கோட்டைக்கு ஏறும் வழி சரிவானது. இவ்வளவையும் கீழே பார்த்தபடியே அறிந்துகொண்டேன். அக்காவோ உண்மையாகவே ஊர் பார்க்க வந்தவள் போல நடந்தாள். பூ விற்கும் கிழவிகளோடு தமிழில் விலை பேசினாள், வாங்கவில்லை. பூங்கா வாங்கில் உட்கார்ந்து ஒரு சின்னப் பிள்ளைக்கு நாக்கை நீட்டி வக்கணை காட்டினாள். "ஏன்ரா செத்தவீட்டுக்கு வந்தவன் மாதிரி வாறாய்? நிமிந்து நட. உன்னைப் பாத்துத்தான் பொலிஸ் வரப்போகுது."

மணிக்கு ஒரு தரம் அங்கே தேவாலயக் கோபுரத்தின் உச்சியில் ஒருவர் எக்காளம் ஊதுவார். ஊதிக்கொண்டு வந்து, நடுவில் வெட்டென்று நிறுத்திவிடுவார். அது பழைய வழக்கமாம், நூற்றாண்டுகளாக அப்படித்தானாம். எனக்கு எங்கே தெரியும்? நான் அறிந்த ஊரில் ஒரு சத்தம் பாதியில் நின்றால் மற்றப் பாதி ஷெல்லாக வந்து விழும். எக்காளம் நின்ற அதே நொடியில் நான் ஒரு தூணுக்குப் பின்னால் குந்தியிருந்தேன். எப்படிப் போனேன் என்று தெரியாது. சுற்றிவர நின்ற வெள்ளைக்காரர்கள் மேலே பார்த்துக் கைதட்டினார்கள். அக்கா என் பக்கத்தில் வந்து நின்று, "சப்பாத்து நாடா கட்டுறியோ? கட்டு, கட்டு" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. ஒருவருக்கும் தமிழ் விளங்காது என்பதை மறந்து நானும் விழுந்து விழுந்து கட்டினேன். அந்தச் சப்பாத்துக்கு நாடாவே இல்லை.

கோட்டைக்குக் கீழே ஆற்றங்கரையில் வெண்கலத்தில் செய்த ஒரு டிராகன், பூதப்பாம்பு, நிற்கிறது. இடைக்கிடை வாயால் நெருப்புக் கக்கும். இதையும் எனக்கு யாரும் சொல்லிவைக்கவில்லை. அது கக்கியபோது நான் அக்காவின் முதுகுக்குப் பின்னால் நின்றேன். அவளைக் காப்பாற்ற அனுப்பப்பட்டவன் நான்! பிள்ளைகள் சிரித்தார்கள். அவர்களோடு சேர்ந்து சிரித்த ஒருவரின் சீருடையைத்தான் நான் முதலில் கண்டேன், முகத்தைப் பிறகு. அந்தப் பொலிஸ்காரர் நேரே எங்களிடம் வந்தார். கையை நீட்டினார். முடிந்தது கதை, கடவுச்சீட்டைக் கேட்கிறார் என்று முடிவெடுத்துவிட்டேன். அக்கா என் கழுத்திலிருந்த கமராவைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். மனிதர் எங்களைப் படம் எடுத்துத்தரத்தான் வந்திருக்கிறார்! நெருப்பு மறுபடி வரும்வரை காத்திருந்து, ஒரு கண்ணை மூடி, வெகு கவனமாக அழுத்தினார். வெறும் கமரா 'கிளிக்' என்றது. படச்சுருள் இல்லையென்று அவருக்கு விளங்கியிருக்குமோ, மூடியைத் திறந்துவிடுவாரோ என்று நான் செத்துக்கொண்டிருந்தேன். அவர் தொப்பியில் கைவைத்து விடைபெற்றுப் போனார். "நல்ல மனுசன். தலையை வெட்டாமல் எடுத்திருப்பார்" என்றாள் அக்கா.

இரண்டு கிழமை கழித்து ஜெர்மனிக்குள் வந்துவிட்டோம். ஆனால் பயம் எங்களுக்கு முன்பே வந்து அகதி முகாமில் படுக்கை பிடித்திருந்தது. போலந்து வழியாக வந்தவர் என்று தெரிந்தால் அங்கேயே திருப்பி அனுப்பலாம் என்று சட்டம் மாறியிருந்த காலம் அது. விசாரணைக்கு எங்கள் இருவருக்கும் ஒரே நாளில் டெர்மின், அதாவது தவணை, தந்திருந்தார்கள். என்னை முதலில் கூப்பிட்டார்கள். எந்தெந்த ஊர்களைக் கண்டாய் என்று கேட்டார்கள். "பயத்தில் நிலத்தைப் பார்த்தபடி வந்தேன், ஒன்றும் காணவில்லை" என்றேன். என் வாழ்க்கையில் சொன்ன மிகச் சுத்தமான உண்மைகளில் அது ஒன்று.

பிறகு அடுத்த அறைக் கதவு திறந்து அக்காவைக் கூப்பிட்டது. அவள் உள்ளே போகும்போது சுவரைக் கண்டேன். அதிகாரியின் கதிரைக்குப் பின்னால் ஒரு பெரிய நாட்காட்டி. அதில் கொட்டை எழுத்தில் கிராக்கோவ் என்று பெயர், கூடவே சதுக்கம், கோபுரம், பூக்காரிகள், புறாக்கள், எல்லாம். கதவு சாத்திக்கொண்டது.

வெளியே நடைவழியில் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தேன். அக்காவுக்குப் பயம் கிடையாது, வாய் உண்டு. அந்தச் சதுக்கத்தை நிமிர்ந்து பார்த்தவள் எங்கள் இருவரில் அவள் மட்டும்தான். பார்த்ததைச் சொல்லாமல் இருந்து அவளுக்குப் பழக்கமே இல்லை. கதவைத் தட்டி மயங்கி விழலாமா, தீயணைப்பு மணியை அழுத்தலாமா என்றெல்லாம் யோசித்தேன். மணிக்குப் பக்கத்தில் ஜெர்மனில் ஏதோ எழுதியிருந்தது. அதற்கும் பயந்து விட்டுவிட்டேன். அப்போது உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. முதலில் அக்காவுடையது. அதற்குப் பிறகு அதிகாரியுடையது. அத்தானுக்கு என்ன சொல்வது என்று வசனம் கட்டத் தொடங்கினேன்.

அவள் வெளியே வந்ததும் கையைப் பிடித்து மூலைக்கு இழுத்தேன். "என்ன கேட்டவை?"

"எந்த வழியால வந்தனீங்கள் எண்டு. தம்பிதான் முன்னாலை நடந்தவன், அவனைக் கேளுங்கோ எண்டன்."

"நாட்காட்டி?"

"ஓ, அதுவோ? நான் அதையே பாத்துக்கொண்டிருந்தனாம். பிடிச்சிருக்கோ எண்டு கேட்டார். இவ்வளவு புறா நிக்குது, உதுகளின்ரை எச்சத்தை ஆர் கூட்டுறது எண்டு கேட்டன். மொழிபெயர்க்கிற அண்ணைக்கே சிரிப்பை அடக்க ஏலாமல் போச்சு."

பதில் வரும்வரை மாதக்கணக்கில் நான் தபால்காரரைக் கண்டாலே குளியலறைக்குள் போய்விடுவேன். ஜெர்மனியில் இருக்கலாம் என்றுதான் கடைசியில் பதில் வந்தது. அத்தான் தொடர்வண்டி நிலையத்தில் அக்காவைக் கண்டதும் அவளுடைய பையை வாங்கிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "பத்திரமாக் கொண்டுவந்திட்டாய்" என்றார். நான் மறுக்கவில்லை.

இப்போது எனக்கும் ஐம்பது கடந்துவிட்டது. ஜெர்மன் கடவுச்சீட்டு இருக்கிறது. அக்காவும் அத்தானும் போன வருசம் கிராக்கோவுக்கு விடுமுறை போனார்கள். என்னையும் கேட்டார்கள். முழங்கால் வலி என்றேன், வேலை என்றேன், மழை வரும் என்றேன். சதுக்கத்திலிருந்து அக்கா கைபேசியில் கூப்பிட்டாள்.

"தம்பி, எவ்வளவு நேரமா நிக்கிறன், ஒரு சனமும் என்னைத் திரும்பிப் பாக்கேல்லையடா."

"பொலிஸ்?"

"நிக்கிறார், பக்கத்திலைதான். கோட்டைக்கு எந்தப் பக்கத்தாலை போறதெண்டு அவரைத்தான் கேட்டனான். கொஞ்சம் பொறு, ஏதோ சொல்ல வாறார்."

தொலைபேசி மௌனமானது. டோர்ட்மண்டில், என் சொந்த வீட்டில், நான் கதிரையை விட்டு எழுந்து நின்றிருந்தேன், எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல்.