பின்வண்டிக்கு நாடி பாத்தவ

இன்னாது? வெரலு நீள ஆணி இன்னா பண்ணிடும்னா கேக்குற? டேய் நைனா, எண்ணூர் உப்பளத்துலேர்ந்து தொறமுகத்துக்கு உப்பு மூட்டை மேல குந்திகினு போனவ நானு. லாரிக்குப் பின்னால கோத்துகினு வர்ற பின்வண்டிக்கு இஞ்சினும் இல்ல, பிரேக்கும் இல்ல. ரெண்டு வண்டியையும் கோக்குற ஆணிலதான் எங்க உசுரு கீது. எங்களாட்டம் மூட்டை மேல குந்தினு போனவங்களுக்கு நான் சொல்லவே தேவையில்ல.

எலுமிச்சம்பழம் நசுங்கின அன்னிக்கி

ஆயுத பூஜை. உப்புல துருப்புடிச்ச அந்த ஆணியக் கயட்டி, தேச்சி, பொட்டு வச்சி சாமி முன்னால வச்சோம். பழம் எங்கூட வேல செஞ்ச அஞ்சல வூட்டு மரத்துது. அவ மாமியாரு அந்த மரத்துக்குக் காவலு குந்துவா பாரு... அத்த வுடு. சூடம் காட்டினதும் நாங்க ஆறு பொம்பளைங்க பின்வண்டில ஏறிக் குந்தினோம். டிரைவர் சவரிமுத்தண்ணன் பழத்த நசுக்கினு கெளம்பிட்டாரு. நாங்க அங்கியே கீறோம்! ஆணி சாமிகிட்ட கீது.

டோல்கேட்டு வரிக்கும் போய்த் திரும்பி வந்தவரு சொன்னாரு: "நானும் பாத்தேன், பூஜ போட்டதும் வண்டி இன்னாமா பறக்குதுன்னு!"

காசிம் பாய் போட்ட ஓட்டை

கல்மண்டபத்துல பட்டறை வச்சிருந்த காசிம் பாய் மட்டும் இதுக்குச் சிரிக்கல. பெரிய ஆணியோட அடில ஓட்டை போட்டு, அது மேல எகிறாம குறுக்கால வெரலு நீளத்துல ஒரு சின்ன ஆணி சொருவினாரு. சின்னது தொலையக்கூடாதுன்னு சங்கிலில கோத்தாரு. கடைசியா ஏறுறவங்க தொட்டுப் பாத்துட்டு ஏறணும்னாரு. கடைசில ஏறுறது நான்தான். அப்போ ஏழு மாசம் முழுவாம இருந்தேன். வயித்தப் புடிச்சிகினு தெனம் குனிஞ்சி கையவுட்டுப் பாப்பேன்.

சவரிமுத்தண்ணன் சும்மா இருப்பாரா? "இன்னாமே முனியம்மா, நாடி நல்லா ஓடுதா? கஷாயம் கிஷாயம் குடுக்கணுமா?"

பாலத்து மேட்டுல

ஒரு நாளு கப்பலு கெளம்பப் போவுதுன்னு ஒரே அவசரம். கையவுட்டா, சின்ன ஆணி சங்கிலில தொங்கினு கீது. "ஏறுமே!"ன்னு அண்ணன் கத்துறாரு. "ஆணி உள்ள போற வரிக்கும் ஏறமாட்டேன், கப்பல நிக்கச் சொல்லு"ன்னேன். மொனவிகினே எறங்கி வந்து சொருவினாரு.

ரயில் பாலத்து மேடு ஏறச்சொல்லோ சக்கரம் பள்ளத்துல வுழுந்து டங்குன்னு ஒரு சத்தம். பின்னால மீன்கூடையோட பொம்பளைங்க வந்துகினு கீறாங்க. பின்வண்டி ஒரு ஆட்டம் ஆடிட்டு, லாரியோடவே ஏறிச்சி. மேட்டத் தாண்டி எறங்கிப் பாத்தா, பெரிய ஆணி மேல எகிறிக் கீது; சின்னது தூண்டி முள்ளாட்டம் வளைஞ்சி, அத்த வுடாம புடிச்சிகினு கீது. அண்ணன் தலப்பாவ அவுத்து மூஞ்சத் தொடச்சிகினாரு. நேரா பட்டறைக்குப் போயி, காசிம் பாய் கையப் புடிச்சிக் கண்ணுல ஒத்திகினாரு.

மறுநாளு காலைல இஞ்சினக் கெளப்பாம குந்தினு கீறாரு: "முனியம்மா, நாடி பாத்துட்டியா? நீ சொன்னாத்தான் எடுப்பேன்."

அன்னிக்கி என் வயித்துல இருந்தது ஒங்கப்பன்தான்டா. நீ இன்னிக்கி என்கிட்ட வாயாடுறதே காசிம் பாயும் அந்த வெரலு நீள ஆணியும் போட்ட பிச்ச. ஏ கமலா! மழ வர்றாப்புல கீது, ஆட்ட உள்ள கொண்டா... கட்டிட்டு கயித்த ஒரு தபா இஸ்துப் பாருடி!